பேரு யாருக்கு, பேட்டன்ட் எதுக்கு: எங்க ஆபீஸ்ல அடிக்கடி கேக்கற கேள்விகள்

சென்னையில டிரேட்மார்க், பேட்டன்ட், காப்பிரைட் மட்டும் பாக்கற ஒரு சின்ன ஆபீஸ்ல நான் வக்கீல். மொத்தம் நாலு பேரு, ஒரு கிளார்க், சுவர் முழுக்க ஃபைல், அவ்ளோதான் ஆபீஸே. தினமும் ஃபோன்ல கேக்கற கேள்வி எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், கேக்கற ஆள்தான் மாறுவாங்க. அதான் ஒரு தடவை உக்காந்து எழுதி வச்சிடலாம்னு. பொதுவா சொல்றேன், உங்க கேஸுக்கு பேப்பரை எல்லாம் பாத்துட்டுதான் சொல்ல முடியும், அப்புறம் "நீங்கதானே மேடம் எழுதியிருந்தீங்க"ன்னு சண்டைக்கு வரக்கூடாது.

டிரேட்மார்க், பேட்டன்ட், காப்பிரைட் எல்லாம் ஒண்ணுதானே?

இல்லவே இல்ல. "என் கடை பேருக்கு பேட்டன்ட் எடுக்கணும்"னு வாரத்துக்கு ரெண்டு பேராவது வருவாங்க. வீட்டுல இருக்கற மாவு கிரைண்டரையே எடுத்துக்கோங்க. அது மேல ஒட்டியிருக்கற கம்பெனி பேரு டிரேட்மார்க், பத்து வருஷத்துக்கு ஒரு தடவை பணம் கட்டி புதுப்பிச்சுக்கிட்டே போகலாம், தலைமுறை தலைமுறையா கூட. அதோட வெளித்தோற்றம், பாக்கறதுக்கு எப்படி இருக்குங்கறது டிசைன், அது அதிகபட்சம் 15 வருஷம். மாவை சாய்ச்சு எடுக்க உள்ள புதுசா ஒரு மெக்கானிசம் கண்டுபிடிச்சிருந்தா அது பேட்டன்ட், 20 வருஷம், அதுக்கப்புறம் யார் வேணா செஞ்சுக்கலாம். கூட வர்ற புக்லெட்ல எழுதியிருக்கறது, படம் வரைஞ்சது, டிவி விளம்பரத்துல வர்ற பாட்டு இதெல்லாம் காப்பிரைட், எழுதினவர் செத்து 60 வருஷம் வரைக்கும். இதுல கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்ங்கற பேருக்கே தனியா புவிசார் குறியீடு வேற இருக்கு. ஒரே சாமான், அஞ்சு சட்டம்.

கம்பெனி ரெஜிஸ்டர் பண்ணியாச்சு, ஜிஎஸ்டி இருக்கு, வெப்சைட் பேரும் வாங்கியாச்சு. அப்போ பேரு என்னோடதுதானே?

கிடையாது. கம்பெனி பதிவு பண்ற இடம் வேற, டிரேட்மார்க் ரிஜிஸ்ட்ரி வேற. ஜிஎஸ்டி வரி கட்டறதுக்கு. டொமைன் யார் முதல்ல காசு கட்டறாங்களோ அவங்களுக்கு. இது மூணும் இருந்தும் ஒரு நாள் காலையில "பேரை மாத்து"ன்னு நோட்டீஸ் வந்து, பில்போர்டு, டப்பா, கவர், யூனிஃபார்ம் எல்லாத்தையும் மாத்தினவங்களை பாத்திருக்கேன். போர்டு அடிக்க ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி ரிஜிஸ்ட்ரி சைட்ல போய் அந்த பேரு ஏற்கனவே இருக்கான்னு தேடுங்க, தேடறது இலவசம். அதே ஸ்பெல்லிங்ல மட்டும் தேடினா பத்தாது, காதுல கேட்டா ஒரே மாதிரி இருக்கறதையும் தேடணும்.

எந்த மாதிரி பேரு வச்சா நல்லது?

எல்லாரும் பொருளையே சொல்ற பேரைத்தான் கேப்பாங்க, "சுத்தமான செக்கு எண்ணெய்", "ஃப்ரெஷ் மாவு" இந்த மாதிரி. விக்கறதுக்கு நல்ல பேரு, காப்பாத்தறதுக்கு ரொம்ப மோசமான பேரு. பொருளோட குணத்தை சொல்ற வார்த்தை எல்லா வியாபாரிக்கும் பொது.

இதுக்கு நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்லயே அருமையான கேஸ் இருக்கு. ஐடிசி 2010-ல யிப்பி நூடுல்ஸை "மேஜிக் மசாலா"ன்னு விட்டாங்க. 2013-ல நெஸ்லே மேகியில "மேஜிக்கல் மசாலா"ன்னு ஒண்ணு விட்டாங்க. ஐடிசி கேஸ் போட்டாங்க. 2020 ஜூன்ல தீர்ப்பு. மசாலாங்கறது பொது, மேஜிக்ங்கறது சும்மா புகழ்ந்து சொல்ற வார்த்தை, அதை யாரும் தனக்கு மட்டும்னு வச்சுக்க முடியாதுன்னு தள்ளுபடி பண்ணிட்டாங்க. ஏழு வருஷம், ரெண்டு பக்கமும் பெரிய பெரிய சீனியருங்க. அவ்ளோ பெரிய கம்பெனிக்கே அந்த கதின்னா நம்ம "சூப்பர் டேஸ்டி" என்ன பாடுபடும்.

அர்த்தமே இல்லாத பேரு, இல்லன்னா பொருளுக்கு சம்பந்தமே இல்லாத பேரு வச்சா கஸ்டமர் மனசுல நிக்க கொஞ்ச நாள் ஆகும், ஆனா நின்னுட்டா யாரும் அசைக்க முடியாது.

நான்தான் முதல்ல ஆரம்பிச்சேன், பதிவு பண்ணல. இப்ப இன்னொருத்தர் அதே பேரை பதிவு பண்ணிட்டார். போச்சா?

போகல. இதுக்கு எங்க தொழில்ல எல்லாரும் எடுத்துக்காட்டற கேஸ் திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வாதான். நெல்லையப்பர் கோயில் எதிர்ல, சாயங்காலம் கொஞ்ச நேரம் மட்டும் திறக்கற அந்த கடைதான். இன்னொருத்தர் "திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா"ன்னு கடை போட்டு, அந்த பேருக்கு பதிவும் வாங்கிட்டார். பழைய கடைக்காரங்ககிட்டயும் பதிவு இருந்துச்சு. பதிவு வச்சிருக்கற ஒருத்தர் பதிவு வச்சிருக்கற இன்னொருத்தர் மேல பதிவை மீறிட்டாருன்னு கேஸ் போட முடியாதுன்னு சட்டத்துல இருக்கு, அதை புடிச்சுக்கிட்டு எதிர்தரப்பு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 2015-ல சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, பதிவுங்கறது ஏற்கனவே இருக்கற உரிமையை ஒத்துக்கறதுதான், அதுவா புது உரிமையை உண்டாக்கறது இல்ல, அதனால முதல்ல அந்த பேர்ல வியாபாரம் பண்ணி பேரு வாங்கினவருக்குத்தான் மேல்கை, எதிர்ல இருக்கறவர்கிட்ட பதிவு இருந்தாலும் சரி. இதுக்கு நாங்க பாசிங் ஆஃப்னு சொல்லுவோம், அடுத்தவன் பேரை வச்சு தன் சரக்கை தள்றது. இன்னைக்கு நாடு முழுக்க டிரேட்மார்க் வாதத்துல இந்த அல்வா கேஸ் ஓடிட்டு இருக்கு.

ஆனா "முதல்ல நான்"னு வாயால சொன்னா போதாது, காட்டணும். போன வருஷம் ஒரு மசாலா கடைக்காரர் வந்தார், அறுபது வயசு இருக்கும். அவர் பேரை பக்கத்து மாவட்டத்துல ஒருத்தர் பதிவு பண்ணிட்டு இவருக்கே நோட்டீஸ் விட்டிருந்தார். "எத்தனை வருஷமாங்க நடத்தறீங்க"ன்னா "எங்கப்பா காலத்துலேருந்தும்மா"ங்கறார். பேப்பர் ஏதாவது? ஒண்ணும் இல்லைங்கறார். கடையை பெரிசு பண்ணப்ப பழைய பில்லெல்லாம் எடைக்கு போட்டுட்டாராம். நான் ஃபைலை மூடப்போற நேரம், கூட வந்த மருமகள்தான் "மாமா, பரண்ல அந்த பிஸ்கட் டின் இருக்கே"ன்னாங்க. மறுநாள் டின் வந்துச்சு. திறந்ததும் ஆபீஸ் பூரா சோம்பு வாசனை. உள்ள 1994 பில்புக் ஒண்ணு, ஓரம் எல்லாம் மஞ்சள் கறை, பாதி பக்கம் பூச்சி அரிச்சிருக்கு, ஆனா மேல அந்த பேரும் கீழ தேதியும் பளிச்சுன்னு இருந்துச்சு. கூடவே ஒரு கல்யாண மலர்ல அவங்க அப்பா குடுத்த விளம்பரம். எதிர்தரப்பு தன் அப்ளிகேஷன்லயே 2011-லேருந்துதான் பயன்படுத்தறேன்னு எழுதியிருந்தார். எங்க பதில்ல பாதி அந்த டின்னுக்குள்ள இருந்ததுதான்.

இந்த தொழில்ல பாதி சண்டை சட்டத்துல இல்ல, தேதியிலதான். அதனால பில், விளம்பரம், லேபிள் அடிச்ச பிரஸ்காரர் ரசீது, எதையும் தூக்கி போடாதீங்க, ஃபோட்டோவாவது எடுத்து வைங்க.

பேரு பக்கத்துல டிஎம் போடறாங்களே, வட்டத்துக்குள்ள ஆர் போடறாங்களே, நானும் போடலாமா?

டிஎம் யார் வேணா போடலாம், "இது என் மார்க்"னு சொல்லிக்கறதுதான் அது. வட்டத்துக்குள்ள ஆர் போடணும்னா பதிவு முடிஞ்சிருக்கணும். அப்ளிகேஷன் போட்ட அன்னைக்கே ஆர் அடிச்சு கவர் பிரிண்ட் பண்றவங்க நிறைய. அது குத்தம். முன்னாடி இதுக்கு ஜெயில் வரைக்கும் இருந்துச்சு, 2023-ல வந்த ஜன் விஸ்வாஸ் சட்டத்துக்கு அப்புறம் அபராதமா மாத்திட்டாங்க. அபராதமும் கட்டத்தான் வேணும்.

டிரேட்மார்க் பதிவுக்கு எவ்ளோ ஆகும், எவ்ளோ நாள் ஆகும்?

அரசாங்க ஃபீஸ் ஆன்லைன்ல போட்டா தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு தொழிலுக்கு ஒரு கிளாஸுக்கு 4500, மத்தவங்களுக்கு 9000. கிளாஸ்ங்கறது என்னன்னா உலகத்துல இருக்கற பொருள், சேவை எல்லாத்தையும் 45 வகையா பிரிச்சிருக்காங்க. மசாலா ஒரு கிளாஸ், ஹோட்டல் இன்னொரு கிளாஸ். ஹோட்டல் நடத்தி அதே பேர்ல மசாலா பாக்கெட்டும் வித்தா ரெண்டு. வக்கீல் ஃபீஸ் தனி, அதை இங்க எழுத மாட்டேன், மத்த வக்கீல் எல்லாம் என்னை அடிக்க வருவாங்க.

போட்டதுக்கப்புறம் ரிஜிஸ்ட்ரியில எக்ஸாமினர் பாத்து ரிப்போர்ட் விடுவார். பெரும்பாலும் ரெண்டே ஆட்சேபணைதான், ஒண்ணு பேரு பொருளை வர்ணிக்குது, ரெண்டு இதே மாதிரி ஏற்கனவே இருக்கு. ரிப்போர்ட் கைக்கு வந்து 30 நாள்ல பதில் போடணும். அதுல திருப்தி இல்லன்னா ஹியரிங், இப்பல்லாம் வீடியோலதான், முன்னாடி மாதிரி கிண்டி ஆபீஸ் வாசல்ல கால் கடுக்க நிக்க வேண்டாம். ஒத்துக்கிட்டா ஜர்னல்ல போடுவாங்க, போட்ட நாள்லேருந்து நாலு மாசம் யார் வேணா எதிர்க்கலாம். யாரும் எதிர்க்கலன்னா சர்டிஃபிகேட். சுலபமா போனா ஒரு வருஷம் மாதிரி வரலாம். ஆபோசிஷன் வந்துட்டா வருஷக்கணக்கு, எவ்ளோன்னு நான் வாயை விட மாட்டேன்.

அந்த 30 நாளை மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. நான் ஜூனியரா இருந்தப்ப நடந்தது. ரிப்போர்ட் மெயில்ல வந்துச்சு, ஸ்பாம்ல போய் உக்காந்துக்கிச்சு. யாரும் பாக்கல. கிளையண்ட் மூணு மாசம் கழிச்சு "என்னாச்சு மேடம்"னு கேட்டப்ப சைட்ல பாத்தா கைவிடப்பட்டதுன்னு போட்டிருக்கு. வயிறு கலங்கிடுச்சு. அப்புறம் மனு போட்டு, கெஞ்சி, எப்படியோ சரி பண்ணினோம். அன்னையிலேருந்து எங்க ஆபீஸ்ல ஒவ்வொரு திங்கக்கிழமையும் ஒருத்தர் எல்லா நம்பரையும் சைட்ல கையால போட்டுப் பாப்பார். கம்ப்யூட்டர் அலர்ட் எல்லாம் இருக்கு, இருந்தும்.

என்கிட்ட ஒரு ஐடியா இருக்கு. பேட்டன்ட் எடுக்கலாமா?

ஐடியாவுக்கு பேட்டன்ட் கிடையாது. ஐடியா எப்படி வேலை செய்யுதுங்கறதுக்குத்தான். அது உலகத்துல எங்கயும் முன்னாடி வெளியாகாததா இருக்கணும், அந்த துறை தெரிஞ்சவனுக்கு சட்டுன்னு தோணாததா இருக்கணும், தொழில்ல பயன்படணும்.

இதுல எல்லாரும் மாட்டிக்கற இடம் "எங்கயும் வெளியாகாதது". நீங்களே வெளியிட்டாலும் அது வெளியானதுதான்! ஒரு இன்ஜினியரிங் காலேஜ் பையன், நல்ல புத்திசாலி, தண்ணி டேங்க் சுத்தம் பண்ற கருவி ஒண்ணு செஞ்சிருந்தான். காலேஜ்ல பரிசு, யூடியூப்ல அவனே வீடியோ போட்டிருக்கான், உள்ள இருக்கற பிரஷ் எப்படி விரியுதுங்கறது வரைக்கும் ஸ்லோமோஷன்ல. நாப்பதாயிரம் வியூஸ். அதுக்கப்புறம் எங்ககிட்ட வந்தான். அந்த வீடியோவே அவனுக்கு எதிரி ஆயிடுச்சு. அரசு அறிவிச்ச கண்காட்சி, ஒரு அறிவியல் சங்கத்துல படிச்ச கட்டுரை மாதிரி சில விஷயத்துக்கு மட்டும் 12 மாசம் சலுகை சட்டத்துல இருக்கு, யூடியூப் அதுல வராது. கடைசியில வீடியோல காட்டாத ஒரு வால்வு மட்டும் மிஞ்சுச்சு, அதுக்கு போட்டோம். முதல்ல அப்ளிகேஷன், அப்புறம் வீடியோ. அவ்ளோ அவசரம்னா புரொவிஷனல்னு ஒண்ணு போட்டு தேதியை புடிச்சுக்கலாம், அதுலேருந்து 12 மாசத்துக்குள்ள முழு ஸ்பெசிஃபிகேஷன், அதாவது கண்டுபிடிப்போட முழு விவரம், போடணும், போடலன்னா அது செத்துப்போச்சு.

தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் இவங்களுக்கு ஆன்லைன்ல போட 1600 ரூபாய்தான். பரிசீலிக்க சொல்லி கேக்கறதுக்கு 4000. பெரிய கம்பெனின்னா 8000, 20000. 2024 மார்ச்ல விதிகளை மாத்தினாங்க. முன்னாடியெல்லாம் பரிசீலனை கேக்கறதுக்கு 48 மாசம் டைம் இருந்துச்சு, இப்ப 31 மாசம். பழைய பழக்கத்துல இருக்கறவங்க இதுல வழுக்கி விழுவாங்க, காலண்டரை மாத்திக்கோங்க. அதோட பேட்டன்டை நிஜமா பயன்படுத்தறீங்களான்னு வருஷா வருஷம் குடுத்துட்டு இருந்த ஃபார்ம் 27-ஐ மூணு நிதியாண்டுக்கு ஒரு தடவைன்னு ஆக்கிட்டாங்க. இது ஒண்ணுதான் எங்களுக்கு மூச்சு விட கிடைச்சது.

பேட்டன்ட் வக்கீல் அப்படி என்னதான் எழுதுவீங்க? நானே எழுதிக்கக் கூடாதா?

தாராளமா எழுதலாம், சட்டம் தடுக்கல. ஆனா கிளெய்ம்னு ஒரு பகுதி இருக்கு, எது வரைக்கும் உங்களுதுன்னு சொல்றது, அதுதான் நிலத்துக்கு வேலி மாதிரி. தேங்காய் உரிக்கற கருவி ஒண்ணு பொள்ளாச்சி பக்கத்துலேருந்து வந்துச்சு. அவரே எழுதி கொண்டுவந்தது "மூன்று ஸ்டீல் பிளேடுகள் கொண்ட கருவி". இப்படி போட்டா பக்கத்து ஊர்க்காரன் நாலு பிளேடு வச்சு செஞ்சா தப்பிச்சுடுவான். நான் "குறைந்தது ஒரு வெட்டும் பாகம்"னு மாத்தினேன். அப்புறம் தேடினா பழைய பேட்டன்ட் ஒண்ணுல ஒத்தை பிளேடு கருவி இருக்கு, இப்ப என் வேலி அடுத்தவன் நிலத்துக்குள்ள போயிடுச்சு. சரின்னு அவரை உக்கார வச்சு மூணு மணி நேரம் கேட்டேன், இதுல நிஜமா புதுசு எது அண்ணேன்னு. பிளேடே இல்ல, தேங்காய் சைஸுக்கு தகுந்தாப்புல பிளேடை உள்ள இழுக்கற ஒரு ஸ்பிரிங்தான் விஷயமே, அதை அவர் ஒரு வரியில கூட எழுதல, "அது இல்லாம எப்படிங்க உரிக்கறது"ன்னு சாதாரணமா கேட்டார். கிளெய்ம் முழுக்க அந்த ஸ்பிரிங்கை சுத்தி எழுதினோம். எங்க வேலை இதுதான், கண்டுபிடிச்சவருக்கே தெரியாம இருக்கற கண்டுபிடிப்பை தேடறது.

ஆப் செஞ்சிருக்கேன், அதுக்கு?

வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு இந்தியாவுல பேட்டன்ட் இல்ல, வியாபார முறைக்கும் இல்ல. புரோகிராம் ஒரு டெக்னிக்கல் பிரச்சனையை தீர்க்குதுன்னு காட்ட முடிஞ்சா வாதாடலாம். கோடுக்கு காப்பிரைட் இருக்கு, அது எழுதின உடனே தானா வந்துடும். பெரும்பாலான ஆப்புக்கு பேரும் லோகோவும்தான் சொத்து, அதை முதல்ல பதிவு பண்ணுங்க.

மருந்து கம்பெனி பேட்டன்ட் எடுத்தா விலை ஏறிடுது, கோர்ட் எதுவும் பண்ணாதா?

பண்ணியிருக்கு, அதுவும் ஆரம்பிச்சது நம்ம சென்னை பேட்டன்ட் ஆபீஸ்ல. நோவார்ட்டிஸ் கம்பெனி ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்தோட ஒரு படிக வடிவத்துக்கு 1998-ல அப்ளிகேஷன் போட்டாங்க. கேன்சர் நோயாளிகளுக்கான அமைப்பு ஒண்ணும் ஜெனரிக் கம்பெனிகளும் எதிர்த்தாங்க. 2006 ஜனவரியில சென்னை ஆபீஸ் நிராகரிச்சது. பேட்டன்ட் சட்டத்துல 3(டி)ன்னு ஒரு பிரிவு, தெரிஞ்ச மருந்தோட புது வடிவத்துக்கு குணப்படுத்தற திறன் கூடியிருக்குன்னு காட்டினாத்தான் பேட்டன்ட்னு சொல்லுது. அந்த பிரிவே செல்லாதுன்னு மெட்ராஸ் ஹைகோர்ட்ல கேஸ் போட்டாங்க, 2007-ல தள்ளுபடி. கடைசியா 2013 ஏப்ரல் 1 சுப்ரீம் கோர்ட்லயும் தோத்தாங்க. மாசம் லட்ச ரூபாய்க்கு மேல இருந்த மருந்துக்கு ஜெனரிக் பத்தாயிரத்துக்குள்ள கிடைச்சுட்டு இருந்துச்சு, அது தொடர்ந்துச்சு. உலகம் பூரா சட்டக் கல்லூரியில இதை படிக்கறாங்க. கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, ஆராய்ச்சிக்கு கோடி கோடியா கொட்டறாங்க, இல்லைங்கல. ஆனா 20 வருஷம் முடியற நேரத்துல மாத்திரையோட வடிவத்தை மட்டும் மாத்திட்டு இன்னொரு 20 வருஷம் கேக்கறதை நிறுத்த அந்த 3(டி) இல்லன்னா வேற வழி இல்லைங்கறது என் கருத்து.

மஞ்சளுக்கு அமெரிக்காக்காரன் பேட்டன்ட் வாங்கிட்டான்னு வாட்ஸ்அப்ல வருதே?

அது முடிஞ்சு போன கதை, இன்னும் சுத்திட்டு இருக்கு. 1995-ல மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, மஞ்சளை காயத்துக்கு போடறதுக்கு, பேட்டன்ட் குடுத்தாங்க. நம்ம அரசாங்க அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் பழைய நூல், ஆராய்ச்சிக் கட்டுரைன்னு 32 ஆதாரத்தோட எதிர்த்தாங்க, 1997-ல ரத்து. நம்ம பாட்டிக்கு தெரிஞ்சிருந்தது போதல, எழுத்துல காட்ட வேண்டியிருந்துச்சு. அந்த பாடத்துலதான் பாரம்பரிய மருத்துவ அறிவை எல்லாம் டிஜிட்டலா தொகுத்து மத்த நாட்டு பேட்டன்ட் ஆபீஸுக்கு பாக்க குடுக்கற வேலையை ஆரம்பிச்சாங்க.

எங்க ஊர் பலகாரத்துக்கு புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. இனி வேற யாரும் செய்யக் கூடாதுதானே? நான் அந்த பேரை போடலாமா?

வெளியூர்க்காரங்க செய்யலாம், அந்த பேரை போடக் கூடாது. மணப்பாறை முறுக்கு மாதிரி ருசியா ஒருத்தர் சென்னையில சுட்டு விக்கலாம், "மணப்பாறை முறுக்கு"ன்னு எழுதி விக்கக் கூடாது. நாட்டுக்கே ஒரே புவிசார் குறியீடு பதிவு ஆபீஸ் கிண்டியிலதான் இருக்கு, டார்ஜீலிங் டீ முதல் எல்லாமே இங்க வந்துதான் பதிவாச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, பழனி பஞ்சாமிர்தம், கோவில்பட்டி கடலை மிட்டாய், சோழவந்தான் வெத்தலைன்னு நம்ம லிஸ்ட் நீளம்.

இதுல நிறைய பேருக்கு தெரியாத சங்கதி, குறியீடு கிடைக்கறது சங்கத்துக்கோ அமைப்புக்கோதான். நீங்க அந்த ஊர்லயே செய்யறவரா இருந்தாலும் "அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்"னு உங்க பேரை தனியா பதிவு பண்ணிக்கணும், அப்பதான் போலி மேல நீங்களே நடவடிக்கை எடுக்க முடியும். பேப்பர்ல ஃபோட்டோ வந்ததோட நின்னுடறாங்க, அடுப்படியில வேகறவங்க பேரு பதிவுல இருக்கறதே இல்ல. எனக்கு இதுல ரொம்ப வருத்தம்.

ஐபிஏபின்னு ஒரு டிரைபியூனல் இருந்துச்சே, அங்க இருந்த என் கேஸ் என்னாச்சு?

டிரேட்மார்க், பேட்டன்ட் அப்பீலை எல்லாம் பாக்கறதுக்குன்னு இருந்த டிரைபியூனல் அது, 2003-ல சென்னையை தலைமையிடமா வச்சு ஆரம்பிச்சாங்க, தேனாம்பேட்டையில. பல வருஷம் தலைவர் இல்லாம, உறுப்பினர் இல்லாம கிடந்துச்சு, 2021 ஏப்ரல்ல ஒரே அவசரச் சட்டத்துல மூடிட்டாங்க. கேஸெல்லாம் ஹைகோர்ட்டுக்கு போயிடுச்சு. டெல்லி ஹைகோர்ட் 2021-லயே ஐபிக்கு, அதாவது இந்த டிரேட்மார்க், பேட்டன்ட், காப்பிரைட் மாதிரி கேஸுக்கு, தனிப் பிரிவு ஆரம்பிச்சது, மெட்ராஸ் ஹைகோர்ட் 2023 ஏப்ரல்லேருந்து. மூடினப்ப எங்களுக்கெல்லாம் பயம், சிவில் கேஸோட சேந்து நம்ம கட்டும் அடியில போயிடுமேன்னு. ஆனா இப்ப பாத்தா பேட்டன்ட் அப்பீல்ல தீர்ப்பு வருது, அதுவும் காரணம் விவரமா எழுதின தீர்ப்பு. ரிஜிஸ்ட்ரி ரெண்டு வரியில நிராகரிச்ச ஆர்டரை எல்லாம் "காரணம் எங்க"ன்னு கேட்டு திருப்பி அனுப்பறாங்க. உங்க பழைய நம்பரை வச்சு புது நம்பரை உங்க வக்கீல்கிட்ட கேளுங்க, தானா கூப்பிடுவாங்கன்னு உக்காந்திருக்காதீங்க.

எனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கு. 7 நாள்ல பதில் சொல்லலன்னா ஜெயில்ங்கறாங்க.

முதல்ல நோட்டீஸ் விட்டவருக்கு ஃபோன் போட்டு திட்டாதீங்க. "ஆமா உங்க பேரை பாத்துதான் வச்சேன், என்ன பண்ணுவே"ன்னு கோவத்துல சொன்னதை ரெக்கார்ட் பண்ணி கோர்ட்ல போட்டிருக்காங்க. அந்த 7 நாள் சட்டத்துல இல்ல, அவங்களா போட்டுக்கறது. ஆனா கண்டுக்காம விட்டா பின்னாடி "நோட்டீஸ் குடுத்தும் பதில் இல்ல"ன்னு அது அவங்களுக்கு சாதகம். அவங்க எந்த கிளாஸ்ல பதிவு வச்சிருக்காங்க, எந்த தேதியிலேருந்து, நீங்க எந்த தேதியிலேருந்து, இந்த மூணையும் பாத்துட்டு பதில். ஆதாரமே இல்லாம மிரட்டினா அதுக்கு எதிரா நீங்களே கேஸ் போடவும் சட்டத்துல வழி இருக்கு.

கேஸ் வந்தா உடனே இடைக்காலத் தடை கேப்பாங்க, எங்க தொழில்ல நிஜமான சண்டை அந்த முதல் ரெண்டு வாரம்தான். அவசரம் இல்லாத கேஸுன்னா முன்னாடியே சமரசத்துக்கு போயிட்டுதான் வரணும்னு கமர்ஷியல் கோர்ட் சட்டம் சொல்லுது. முக்கால்வாசி விஷயம் லோகோ கலரை மாத்தறது, பேருக்கு முன்னாடி ஒரு வார்த்தை சேக்கறதுலயே முடிஞ்சுடும்.

நான் சினிமாவுக்கு டைட்டில் வச்சிருக்கேன், காப்பிரைட் பண்ணலாமா? சேலை டிசைனுக்கு?

தலைப்புக்கு மட்டும் காப்பிரைட் இல்லைன்னு 2015-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. கதைக்கு, ஸ்கிரிப்டுக்கு உண்டு. சேலை விஷயத்துல ஜாக்கிரதை. டிசைனா பதிவு பண்ணக்கூடியதை பதிவு பண்ணாம 50-க்கு மேல தயாரிச்சுட்டீங்கன்னா காப்பிரைட்டும் போயிடும். 51வது சேலை தறியிலேருந்து இறங்கின அன்னைக்கு கதை முடிஞ்சுது. சந்தைக்கு விடறதுக்கு முன்னாடியே டிசைன் பதிவு பண்ணிடணும்.

ஏஐ வச்சு படம், பாட்டு பண்றாங்களே, அது யாருக்கு சொந்தம்?

எல்லாரும் முட்டி மோதிட்டு இருக்கற இடம் இது. நம்ம காப்பிரைட் சட்டத்துல எழுதினவர்னா மனுஷன்னு வச்சுத்தான் எல்லாமே இருக்கு, "செத்து 60 வருஷம்"னு கணக்கு, மெஷின் எப்ப சாகும்? இன்னொரு பக்கம், நம்ம எழுத்தை எல்லாம் கேக்காம எடுத்து ஏஐக்கு பயிற்சி குடுத்தாங்கன்னு ஏஎன்ஐ செய்தி நிறுவனம் 2024 நவம்பர்ல டெல்லி ஹைகோர்ட்ல ஓப்பன்ஏஐ மேல கேஸ் போட்டாங்க. என் சைட்லேருந்து ஒரே வேண்டுகோள், உங்க கண்டுபிடிப்பை அப்ளிகேஷன் போடறதுக்கு முன்னாடி சாட்பாட்ல ஒட்டி "இதை பேட்டன்ட் மாதிரி எழுதிக் குடு"ன்னு கேக்காதீங்க. எழுதியும் குடுக்கும், அழகாவே இருக்கும், இல்லாத தீர்ப்பை எல்லாம் நம்பரோட சொல்லும்.

நான் இந்த வேலைக்கு வரணும். என்ன படிக்கணும்?

டிரேட்மார்க், காப்பிரைட்னா சட்டம் படிச்சு வக்கீலா பதிவு பண்ணினா போதும். பேட்டன்ட் ஏஜென்ட் ஆகணும்னா சயின்ஸ் இல்ல இன்ஜினியரிங் டிகிரி வேணும், 21 வயசு ஆகியிருக்கணும், பேட்டன்ட் ஆபீஸ் நடத்தற பரிட்சை எழுதணும். ரெண்டு பேப்பர், ஒரு வைவா (நேர்ல கேள்வி கேப்பாங்க), ஒவ்வொரு பேப்பர்லயும் 50 சதவீதம், மொத்தத்துல 60. சட்டம் படிக்காமலே பேட்டன்ட் ஏஜென்ட் ஆகலாம், ஆனா கோர்ட்ல நின்னு வாதாட முடியாது. பரிட்சை வருஷா வருஷம் நடக்கும்னு நம்பி வேலையை விட்டுடாதீங்க தம்பி, இடையில வருஷக்கணக்கா நடக்காம இருந்திருக்கு. தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல எழுதத் தெரிஞ்சா அது இங்க பெரிய பலம், ஏன்னா கண்டுபிடிக்கறவங்க பாதி பேரு லேத் பட்டறையில இருக்காங்க.

ரினீவல் எப்ப பண்ணணும்? மறந்துட்டா?

பத்து வருஷம். ஆனா எதுலேருந்து பத்து? சர்டிஃபிகேட் கைக்கு வந்த நாள்லேருந்து இல்ல, அப்ளிகேஷன் போட்ட நாள்லேருந்து. அப்ளிகேஷன் போட்டு, ஆபோசிஷன் எல்லாம் சேந்து ஆறு வருஷம் ஓடி, போன மாசம்தான் சர்டிஃபிகேட் வந்திருந்தா உங்ககிட்ட மிச்சம் இருக்கறது நாலு வருஷம்தான். ஆன்லைன்ல ஒரு கிளாஸுக்கு 9000, முடியற தேதிக்கு ஒரு வருஷம் முன்னாடியே கட்டலாம். தேதி தாண்டினா ஆறு மாசம் வரைக்கும் 4500 அபராதத்தோட கட்டலாம். அதையும் தாண்டினா, முடிஞ்ச தேதியிலேருந்து ஒரு வருஷத்துக்குள்ள திரும்ப உயிர் குடுக்க சொல்லி தனி மனு, அதுக்கு இன்னொரு 9000. அந்த ஒரு வருஷமும் போச்சுன்னா முதல்லேருந்து புது அப்ளிகேஷன்தான், அதுக்குள்ள பக்கத்து தெருக்காரர் போட்டிருக்காம இருக்கணும்.

சர்டிஃபிகேட் ஃப்ரேம் போட்டு கல்லாவுக்கு மேல மாட்டியிருப்பீங்க இல்ல, அதுலயே தேதி இருக்கு, ஸ்டூல் போட்டு ஏறிப் பாருங்க.